பதினெட்டு என்று எழுதியிருந்த பெட்டி

பகாயாஸ்,
குருத்து ஞாயிறுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் ஒத்தோனியேல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எவேலியோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சம்மனசுகளின் மாதா புண்ணியத்தில் இங்கே நான் நலம், நாய் கனேலோ நலம், உருளைக்கிழங்குக்கு வேண்டிய மழை பெய்திருக்கிறது. அங்கே சிக்சவோலாவில் தாங்களும் வீட்டம்மாவும் வாழைத்தோட்டமும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை செனெய்தா நலமா என்பதை த்ரேஸ் ரியோஸில் இருக்கும் உங்கள் சின்னத் தங்கை ஃப்ளோரிடம்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் செனெய்தா இப்போது அங்கேதான் இருக்கிறாள். மூன்று நாளாகிறது. காரணம் நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லை, முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் எங்கள் சமையலறைச் சுவரில் நீங்கள் பதித்துவிட்டுப் போனீர்களே ஒரு சுவிட்ச் பெட்டி, அது சொல்கிறது. இதைப் போனில் கேட்கலாமே என்பீர்கள். உங்கள் எண்ணை அழுத்தினால் ஒரு பெண் வந்து, நீங்கள் எட்டும் தூரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அவள் யாரென்று கேட்கக்கூட விடுவதில்லை. நாற்பது வருடம் தபால் கொடுத்தவனுக்குக் கடிதம்தான் நம்பிக்கை.

முதலிலிருந்து சொல்கிறேன். செனெய்தா இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் ஊரார் பிள்ளைகளுக்குச் சோறும் பீன்ஸும் ஆக்கிப் போட்டுவிட்டு, சென்ற டிசம்பரில் ஓய்வு பெற்றாளல்லவா, கையில் வந்ததை வைத்து ஒரு மின்சார ஓவன் வாங்கினாள். ரொட்டிக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, நாலு தட்டு உள்ளது, அது. வாசலில் 'செனெய்தாவின் ரொட்டி' என்று பலகை எழுதி மாட்டினாள். பரிசுத்த வாரத்துக்குப் பூசணி ஜாமை மாவுக்குள் வைத்து மடித்துச் சுடுகிற எம்பனாதா இருநூறு வேண்டும் என்று பங்குக் கோயில் பெண்கள் சொல்லி, இவளும் சரியென்று ஜாம் கிளறிப் பதினாறு பாட்டிலில் அடைத்து வைத்துவிட்டாள். அறுபத்துமூன்று வயதில் முதல்முறையாக அவளுடைய ஓவனில் அவளுடைய பெயரில் சுடப்போகிறாள் மச்சான். அவள் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று, ஜாம் கிளறும்போது முணுமுணுத்தாள். வீட்டில் சுட்டு விற்க நகராட்சி அனுமதி வேண்டும், அதற்கு ஒரு மின்பொறியாளர் வந்து பார்த்து இந்த வீட்டு ஒயரிங் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மின்சார வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். அதை மறுக்கவில்லை.

உடனே வால்தேர் கடைக்குப் போனேன். பழைய அத்திமரம் இருந்த இடத்திலிருந்து நூறு மீட்டர் தெற்கே, உங்களுக்குத் தெரியும், மரத்தை வெட்டி இருபது வருடமாகிறது. ஓவனுக்கு ஒயர் வேண்டும் என்றேன். "பன்னெண்டா, பதினாலா தோன் எவேலியோ?" என்று தோன் போட்டு மரியாதையாகக் கேட்டான் வால்தேர். இதிலென்ன கேள்வி. செருப்பு எடுத்தாலும் சட்டை எடுத்தாலும் பன்னிரண்டை விடப் பதினாலு பெரிது. "பதினாலு குடுங்க, இது சாதாரண ஓவன் இல்லை" என்றேன். "பதினாறும் இருக்கு, வேணுமா?" என்றான். அவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று பதினாலோடு நிறுத்திக்கொண்டேன். கையில் வாங்கிப் பார்த்தபோது கொஞ்சம் மெலிசாகத்தான் இருந்தது. இந்தக் காலத்தில் போன், டிவி எல்லாம் மெலிந்துவிட்டது, ஒயரும் மெலிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது தப்பா மச்சான்? யாரைக் கேட்டாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

வீட்டுக்கு வந்து சமையலறை சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். திருவிழா பஸ் கதவைத் திறந்ததுபோல ஒயர்கள் வெளியே சாய்ந்தன. எண்ணினேன், பதினாலு. பச்சையை எண்ணவில்லை, அது தரைக்குப் போவது. பெட்டியின் உள்பக்கம் 18 என்று அச்சடித்திருந்தது. பதினெட்டில் பதினாலு போனால் நாலு இடம் மிச்சம். ஓவனுக்கு இரண்டு ஒயர் போதும். பின்னால் யாராவது வந்தால் இரண்டு இடம் காலியாகவே இருக்கும். இதைவிட ஒழுங்காக ஒருவன் எப்படி யோசிக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டையும் உள்ளே இருந்த ஒயர்களோடு சேர்த்து முறுக்கி, முழங்கையால் அழுத்தி மூடியை மாட்டினேன்.

செனெய்தா முதல் தட்டை வைத்து ஓவனைப் போட்டாள். சமையலறை விளக்கு மங்கியது, டப்பென்று பிரேக்கர் விழுந்தது. தூக்கிவிட்டேன், விழுந்தது. ஒன்பது முறை தூக்கினேன் மச்சான், ஒன்பது முறையும் விழுந்தது. அந்தப் பிரேக்கரில் 15 என்று போட்டிருந்தது. வயதாகித் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று மறுபடியும் வால்தேரிடம் போய் 30 என்று போட்டிருந்ததை வாங்கி வந்து மாற்றினேன். அதற்குப் பிறகு அது விழவே இல்லை. செனெய்தா என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். நான் ஒரு தம்ளர் வெல்லத் தண்ணீர் சுடவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி குடிப்பதற்குள் செருப்பு கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. "ஏங்க, சுவர் ஏன் வேர்க்குது?" என்றாள் செனெய்தா. சுவர் வேர்க்கவில்லை, சுவிட்ச் உருகி வழிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் அணைத்தேன். எம்பனாதா மேலே சிவந்து உள்ளே பச்சை மாவாக இருந்தது.

அவள் அழுதாள் மச்சான். சத்தமில்லாமல், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எல்லாம் உங்க அண்ணன் வெச்ச பெட்டியால வந்தது" என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க. ஓவன் ஒழுங்கா எரியிற அன்னைக்குக் கூப்பிடுங்க, வர்றேன்" என்று மாவையும் தட்டையும் எடுத்துக்கொண்டு ஃப்ளோர் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே இருப்பது இரண்டு எம்பனாதா வைக்கிற அளவு ஓவன். இருநூறு சுடுவதற்குள் அடுத்த ஈஸ்டர் வந்துவிடும்.

அப்புறம்தான் மின்பொறியாளரை வரவழைத்தேன். பெயர் யோர்லேனி, எங்கள் மகள் கிரேத்தேலை விட இரண்டு வயது சின்னவள் இருப்பாள், முழங்கால் வரை பூட்ஸ். மூடியைக் கழற்றி, ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். பிறகு, "இதை யார் பண்ணினது தோன் எவேலியோ?" என்றாள்.

"என் மச்சான்."

"இந்த முப்பது பிரேக்கரையுமா?"

"அது நான். முன்னாடி இருந்தது சும்மா சும்மா விழுந்துக்கிட்டே இருந்துச்சு."

"அது விழணும். அதுக்குத்தான் அதை வெச்சிருக்கு."

"விழறதுக்கா?"

"விழறதுக்குத்தான். பதினாலாம் நம்பர் ஒயர் பதினஞ்சு ஆம்பியர்தான் தாங்கும். உங்க ஓவன் இருபத்தஞ்சு கேக்குது. பிரேக்கர் விழுந்திருந்தா ஒயர் பிழைச்சிருக்கும். இந்த ஓவனுக்குப் பத்தாம் நம்பர் ஒயர் வேணும்."

"பதினாலே தாங்கலைங்கறீங்க, பத்து எப்படிம்மா தாங்கும்?"

"நம்பர் குறைய ஒயர் தடிமன் கூடும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்படியானால் ஒன்றாம் நம்பர்தான் எல்லாவற்றையும் விடத் தடிமனா என்று கேட்டேன். அதற்கும் மேலே பூஜ்ஜியம் இருக்கிறதாம், அதற்கும் மேலே இரண்டு பூஜ்ஜியம், மூன்று பூஜ்ஜியம் என்று போகிறதாம். பூஜ்ஜியம் கூடக்கூடத் தடிமன் கூடுமாம், எண் கூடக்கூடத் தடிமன் குறையுமாம். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் மச்சான்? உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, பெட்டியிலாவது என் கணக்கு சரிதானே, பதினெட்டில் பதினாறுதான் போட்டிருக்கிறேன் என்றேன். "அது பதினெட்டு ஒயர் இல்லை, பதினெட்டு கன அங்குலம். பெட்டிக்குள்ள இருக்கிற இடம்" என்றாள். நம் நாட்டில் எல்லாரும் மீட்டரில்தானே அளக்கிறோம், இந்தப் பெட்டிக்கு மட்டும் அங்குலம் எதற்கு என்றால், பெட்டி அப்படித்தான் என்கிறாள். ஒரு பதினாலாம் நம்பர் ஒயருக்கு இரண்டு கன அங்குலம் விட வேண்டுமாம். சுண்டுவிரலில் கால்வாசி இல்லாத ஒயருக்கு அவ்வளவு இடம் எதற்கு? சூடு அடங்க இடம் வேண்டுமாம். ஆக ஒன்பது பேருக்கு இடம். அதிலும், "சுவிட்ச் ஒண்ணு, அதுக்கு ரெண்டு ஒயரோட இடம்" என்றாள். கூடையோடு பஸ் ஏறுகிறவர் மாதிரி என்று புரிந்துகொண்டேன். "பச்சை எல்லாம் சேர்ந்து ஒண்ணு" என்றாள். மூன்று இருக்கிறதே என்றால், மூன்றும் சேர்ந்து ஒன்றுதானாம். நிற்காமல் நேராகப் போகிற ஒயரும் ஒன்றாம், வந்து நிற்கிற ஒயரும் ஒன்றாம், பெட்டிக்குள்ளேயே தொடங்கிப் பெட்டிக்குள்ளேயே முடிகிற துண்டுக்குக் கணக்கே இல்லையாம். ஒன்று இரண்டாகிறது, மூன்று ஒன்றாகிறது, கண்ணெதிரே இருப்பது இல்லை என்றாகிறது. எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அவள் சொன்னது இதுதான்: இந்தப் பெட்டியில் ஆறே ஆறு ஒயர்தான் இருக்கலாம். நான் போட்ட இரண்டை எடுத்துவிட்டாலும் நீங்கள் போட்டது பதினாலு. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு பேரைக் குடிவைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சிக்சவோலா போய்விட்டீர்கள். இதைச் சொன்னால் உங்கள் தங்கைக்குக் கோபம் வருகிறது.

சரி, வேண்டாத எட்டை வெட்டிப் போடுங்களேன் என்றேன். "எது எங்கே போகுதுன்னு தெரியாம நான் ஒண்ணையும் வெட்டமாட்டேன். சுவருக்குள்ள எங்கேயோ முடிஞ்சு மூடியிருக்கு, பாதி ஒயர்ல கரண்ட் வேற இருக்கு. வியாழக்கிழமை வர்றேன், அதுக்குள்ள கண்டுபிடிச்சு வைங்க. இல்லைன்னா சுவரைக் கொத்திப் பார்க்கணும். அதுவும் இல்லைன்னா என் கையெழுத்தை மறந்துடுங்க" என்று போய்விட்டாள். வியாழன் தப்பினால் ஈஸ்டர் கழித்துத்தான் வருவாளாம். ஈஸ்டர் கழித்து எம்பனாதாவை யார் மச்சான் வாங்குவார்கள்?

ஒயர்களில் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. நாலு ஜோடிக்கு நாலு சீட்டு, மருத்துவமனை பிளாஸ்திரியில் பெரிய எழுத்தில். ஊரில் எந்த வீட்டு விலாசமும் எனக்குப் புதிதில்லை. 'செலிமோ கடை இருந்த இடத்திலிருந்து ஐம்பது மீட்டர் மேலே, சுவர் பச்சையாக இருந்தபோது பச்சை வீடு' என்று எழுதி வந்த கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். இந்த நாலும் எம்மாத்திரம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 'தையல் மெஷினிலிருந்து 70 செ.மீ. எரிமலைப் பக்கம்.' 'துவைக்கிற தொட்டிக்கு நேர் மேலே.' 'நாய் படுக்கும் இடத்திலிருந்து அரை மீட்டர் கோயில் பக்கம்.' 'தொட்டிலுக்கு இடப்புறம்.' ஏழுக்குக் குறுக்கே தபால் ஆபீஸ்காரன் மாதிரிக் கோடு வேறு, எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். தையல் மெஷினை விற்றுப் பதினைந்து வருடமாகிறது. துவைக்கிற தொட்டியை இரண்டு முறை இடம் மாற்றினோம். தொட்டிலில் படுத்தவள் இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ். அது எந்த அறையில் எந்த மூலையில் கிடந்தது என்று எனக்கு நினைவில்லை மச்சான். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இப்படியா ஒருவன் சீட்டு எழுதுவான்? எழுதியவனைக் கழுதை என்று சொல்ல மரியாதை தடுக்கிறது.

மிஞ்சியது நாய்தான். கனேலோவின் பின்னாலேயே ஒரு நாள் முழுக்க நடந்தேன். "நீங்க எங்கே படுப்பீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கெஞ்சினேன். அது கதவருகே படுத்தது, சுண்ணாம்பால் குறி போட்டேன். எழுந்து மேஜைக்கு அடியில் போனது, அங்கேயும் போட்டேன். மத்தியானத்துக்குள் ஏழு குறி ஆகிவிட்டது, எட்டாவதாக என் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நாற்காலிக்குக் கோயில் பக்கம் அரை மீட்டரில் சுவரே இல்லை, ஜன்னல்தான் இருக்கிறது. அப்போதுதான் தோன்றியது, இந்த வீட்டில் கனேலோ மூன்றாவது நாய். சீட்டில் எந்த நாய் என்று எழுதவில்லை.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும், இருக்கிற வேலையை விட்டுவிட்டு உடனே பஸ் ஏறி வாருங்கள். வந்து, நீங்கள் எழுதிய விலாசங்களுக்கு நீங்களே வழி காட்டி, நீங்கள் திணித்த எட்டு ஒயரையும் உங்கள் கையாலேயே எடுத்துவிட்டு, பெட்டியால் வந்த குற்றம் யாருடையது என்று உங்கள் தங்கையிடம் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் அவள் இல்லாமல் எதுவும் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. காப்பி வடிகட்டும் துணியைத் தேடி நேற்று ஒரு கைக்குட்டையில் வடிகட்டினேன்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. சம்மனசுகளின் மாதா உங்கள் வாழைக்குலைகளைக் காற்றிலிருந்து காப்பாளாக.

எப்போதும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
எவேலியோ கோத்தோ பிரேனெஸ்
தபால்காரர் (ஓய்வு)

பின்குறிப்பு, வியாழன் மாலை: இந்தக் கடிதத்தை நேற்றே போட்டிருப்பேன். மழை ஈரத்தில் உறையின் பசை போய்விட்டது, பசைக் குப்பியை செனெய்தா எங்கே வைப்பாள் என்று தெரியாததால் போடவில்லை. இப்போது, நீங்கள் வர வேண்டாம்.

நடந்தது இது. காலையில் யோர்லேனி வந்தாள். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, நானே சுவரைக் கொத்திவிடுகிறேன் என்று சுத்தியலை ஓங்கிக்கொண்டு நின்றேன். ஜாம் பாட்டில் எடுத்துப் போக வந்த செனெய்தா வாசலில் நின்று, "அந்தச் சுவர் என்ன பண்ணுச்சு உங்களை?" என்றாள். யோர்லேனி சீட்டுகளைக் காட்டினாள். செனெய்தா கண்ணாடிகூடப் போடவில்லை. "இது இவரு எழுத்தாச்சே. ஏழுக்குக் குறுக்கே இருக்கிற கோட்டைப் பாருங்க" என்றாள்.

நான் பார்த்தேன். என் ஏழுதான்.

அவள் விறுவிறுவென்று நடந்துபோய் ஒவ்வொரு இடமாகத் தொட்டாள். "மெஷின் இங்கே இருந்துச்சு. கிரேத்தேலோட புதுநன்மை கவுனுக்கு வெளிச்சம் பத்தலைன்னேன், மறுநாளே பல்பு போட்டீங்க. தொட்டி அப்ப இங்கே, துவைக்கும்போது நாடகம் கேக்க ரேடியோ வேணும்னேன். இது முதல் நாய் குட்டி போட்ட இடம், ஜனவரிக் குளிர்ல குட்டிங்க செத்துடும்னு அழுதேன், சூட்டுக்கு ஒரு பல்பு மாட்டினீங்க. தொட்டில் இந்த மூலையில. பிள்ளை இருட்டுக்குப் பயந்தா." நாலு இடத்திலும் சுவரில் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த மூடிப் பலகையைக் கழற்றினால், நாலு ஜோடி ஒயரும் பிளாஸ்திரி சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தன. நாலு நிமிடம்கூட ஆகவில்லை மச்சான்.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

"நீங்க கோபமா இருந்தீங்க" என்றேன்.

"நான் கேட்டதுக்கெல்லாம் ஒரு ஒயர் இழுத்தீங்க. ஒருநாள்கூட முடியாதுன்னு சொன்னதில்லை. ஆனா இதெல்லாம் எங்கே இருந்துச்சுன்னு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டாள். ஊரில் இல்லாமல் போன ஒவ்வொரு கடையும் மரமும் நின்ற இடம் எனக்குத் தெரியும். என் பிள்ளையின் தொட்டில் கிடந்த இடம் அவள் காட்டித்தான் தெரிந்தது.

என் எட்டையும், ஓவனுக்குப் போட்ட இரண்டையும் யோர்லேனி எடுத்துவிட்டாள். மிச்சம் ஆறு. பெட்டியின் பின்சுவரில் பென்சிலால் நீங்கள் எழுதியிருந்தது அப்போதுதான் தெரிந்தது: 'ஆறு. இதோடு சரி, எவேலியோ.' மேலே எழுதிய கழுதை என்ற சொல்லை அருள்கூர்ந்து எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அதை அடித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம்தான், ஆனால் எழுதிய கடிதத்தைக் கிழிக்கத் தபால்காரனுக்குக் கை வராது. ஓவனுக்குப் பத்தாம் நம்பர் ஒயரும் தனிப் பிரேக்கரும் தனிப் பெட்டியும் வந்துவிட்டன, யோர்லேனி கையெழுத்துப் போட்டுவிட்டாள், நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுபதாவது எம்பனாதா உள்ளே போகிறது. செனெய்தா முணுமுணுக்கிறாள்.

இன்னொரு பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்கப் போன இடத்தில் செனெய்தா, எம்பனாதா வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் ஒரு விளக்கு இருந்தால் நல்லது என்றாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக முடியாது என்றேன், நீங்கள் பென்சிலால் எழுதியதையும் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "சரி" என்றாள். அவ்வளவுதான், சரி என்றாள். என்னால் தாங்க முடியவில்லை மச்சான். வர வேண்டாம் என்று மேலே சொன்னதை மறந்துவிட்டு வாருங்கள், வரும்போது பெரிய பெட்டியாக ஒன்று வாங்கி வாருங்கள். எண் பெரிதானால் பெட்டியும் பெரிதுதானா, இல்லை அதிலும் தலைகீழா என்று கடைக்காரரிடம் நன்றாகக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.